தொண்டையில் ஓர் உறி



உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கழுத்தின் முன்பக்கம் வையுங்கள். தாடைக்குக் கீழே, குரல்வளை மேட்டுக்குச் சற்று மேலே வையுங்கள். அழுத்த வேண்டாம். இப்போது எச்சிலை விழுங்குங்கள். உள்ளே ஏதோ மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது அல்லவா?

அங்கே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. நாவின் அடியில் இருப்பதால் அதற்கு நாவடி எலும்பு என்று பெயர். டாக்டர்கள் ஹயாய்டு எலும்பு என்பார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உண்டு. தலையிலும் முகத்திலும் 22. இரண்டு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6. முதுகெலும்பில் 26. விலா எலும்புகள் 24. நடு மார்பில் 1. கை கால்களில், தோள், இடுப்பு எலும்புகளையும் சேர்த்து, 126. கூட்டிப் பாருங்கள். 205 வரும். மீதி ஒன்று எங்கே? அதுதான் நாவடி எலும்பு.

அது எப்படி இருக்கும்? ‘ப’ என்ற எழுத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் மூலைகளை வளைத்துப் படுக்க வையுங்கள். மூடிய பக்கம் கழுத்தின் முன்னால் இருக்கும். திறந்த பக்கம் பின்னால் இருக்கும். குதிரை லாடம் போன்ற வடிவம் அது.

இந்த எலும்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கை எலும்பு தோளோடு சேரும். கால் எலும்பு இடுப்போடு சேரும். நாவடி எலும்பு மட்டும் எந்த எலும்போடும் மூட்டுப் போட்டுச் சேராது. அப்படியானால் அது கீழே விழாமல் எப்படி நிற்கிறது?

வீட்டில் உறி கட்டுவோம். பானை தரையைத் தொடாது, உத்தரத்தையும் தொடாது. கயிறுதான் அதைத் தாங்குகிறது. நாவடி எலும்பும் அப்படித்தான். தாடையிலிருந்தும் மண்டை ஓட்டிலிருந்தும் தசைகளும் நார்களும் அதை மேலே பிடிக்கின்றன. மார்பிலிருந்தும் தோளிலிருந்தும் வரும் தசைகள் அதைக் கீழே பிடிக்கின்றன. நடுவில் அது தொங்குகிறது.

ஏன் இந்த ஏற்பாடு? அசைவதற்காகத்தான்.

தொண்டையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. நாம் ஒரு வாய் விழுங்கும்போது நாவடி எலும்பு மேலேயும் முன்னேயும் நகர்கிறது. அதோடு குரல்வளையும் மேலே ஏறுகிறது. மூச்சுக்குழாயின் வாய் மூடிக் கொள்கிறது. சோறு உணவுக்குழாய்க்குள் போகிறது. பிறகு மூச்சு வழி திறக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது.

இந்த வேலை தவறினால் புரை ஏறும். அதனால்தான் வாயில் சோற்றை வைத்துக் கொண்டு பேசாதே, சிரிக்காதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்து போகலாம். அவர்களுக்குப் படுத்தபடியே கஞ்சி ஊட்டக் கூடாது. விழுங்க முடிகிறதா என்று முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். பிறகு நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வேலை பேச்சு. நாக்கின் வேர் இந்த எலும்பில்தான் பிடித்திருக்கிறது. ‘ஆ’ என்று சொல்லுங்கள். ‘ஈ’ என்று சொல்லுங்கள். நாக்கு இடம் மாறுகிறது. அதற்குப் பிடிமானம் தருவது நாவடி எலும்பு. அறிவொளி வகுப்பில் முதல் எழுத்தை உரக்கப் படித்தபோதும் அது உங்களுக்கு உதவியது.

நாவடி எலும்பு சாட்சியும் சொல்லும். ஒருவருடைய கழுத்தை நெரித்தால் சில சமயம் இது உடையும். பிரேதப் பரிசோதனையில் டாக்டர் அதைப் பார்ப்பார். ஆனால் எப்போதும் உடையும் என்பதில்லை. தூக்கிலும் உடையலாம். ஆகவே மற்ற அடையாளங்களையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்து கொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஊரார் அவசரமாக எரித்துவிட்டால், அந்தப் பெண்ணுக்காகப் பேச இந்த எலும்பும் மிஞ்சாது.

இதையெல்லாம் டாக்டர்கள் எப்படிக் கற்கிறார்கள்? எலும்புக்கூட்டைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எலும்புக்கூட்டில் தசையும் இல்லை, நாரும் இல்லை. உறியின் கயிறு அறுந்தால் பானை நிற்குமா? நாவடி எலும்பு கழன்று விழுந்துவிடும். சில எலும்புக்கூடுகளில் அது இருக்கவே இருக்காது. அதை அதன் இடத்தில் பார்க்க முழு மனித உடல் வேண்டும். யாராவது மனமுவந்து கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

டில்லியில் எய்ம்ஸ் என்னும் பெரிய மருத்துவமனை இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. டாக்டருக்குப் படிக்கும் கல்லூரியும் அங்கேயே உண்டு. சமூகத் தொண்டர் நானாஜி தேஷ்முக் 2010-ல், 93 வயதில், சித்திரகூடத்தில் காலமானார். அவர் விருப்பப்படி அவர் உடல் டில்லிக்குக் கொண்டு வரப்பட்டு எய்ம்சுக்கு அளிக்கப்பட்டது. சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பர் 12 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார். அவர் உடலையும் குடும்பத்தார் அங்கேயே மாணவர் படிப்புக்குக் கொடுத்தார்கள்.

ஒருவர் ஜனசங்கத் தலைவர். மற்றவர் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர். வாழ்ந்தபோது கொள்கை வேறு, கட்சி வேறு. மேடையில் பேசிய பேச்சும் வேறு. ஆனால் இருவர் தொண்டையிலும் இருந்தது ஒரே மாதிரி எலும்பு. இருவர் செய்த கொடையும் ஒன்றே. பேச்சு நின்ற பிறகும் அவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

உடல்தானம் செய்யப் பணம் வேண்டாம். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு இயல் துறை இருக்கும். அங்கே படிவம் கிடைக்கும். முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். ஏனென்றால், பின்னால் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். மனம் ஒப்பினால் செய்யலாம். ஒப்பாவிட்டால் குற்றமில்லை.

படிவத்தை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நீங்களே ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். கீழே போடுவது கைநாட்டாக இருக்காது. உங்கள் கையெழுத்தாக இருக்கும்.