"எனக்குத் தெரியலை"ன்னு சொல்லலாமா?

(ஆர்.கே.பேட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் செய்யறவங்க தன்னோட குறையை வெளியே சொல்லலாமா, கூடாதான்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. "சொன்னா மதிப்பு போயிடுமே மேடம்"னாங்க. அன்னிக்கு நேரமில்லை. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன். முதல்ல என் குறையைச் சொல்லிடறேன்.

நான் சமூகப்பணியில் பட்டம் வாங்கினவ. வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு குழுவில், "நம்ம உள்கடனுக்கும் நூத்துக்கு ரெண்டு வட்டி, வெளியே தர்றவங்களும் நூத்துக்கு ரெண்டு வட்டி. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சரியாத் தெரியாது. படிச்ச பொண்ணு தெரியலைன்னு சொன்னா என்ன நினைப்பாங்களோன்னு, "ஆமா, ஒண்ணுதான்"னு சொல்லிட்டேன். மூணு பேர் போய் ஆளுக்குப் பத்தாயிரம் வாங்கிட்டாங்க.

ஒண்ணு இல்லீங்க. நம்ம குழுவில் மீதி நிற்கிற அசலுக்குத்தான் வட்டி. 10,000 ரூபாய் அசலை 12 மாசத்தில் சமமாகக் கட்டினால், வட்டி மாசாமாசம் குறைஞ்சு, மொத்தம் 1,300 ரூபாய்தான் வரும். அங்கே கடைசி மாசம் வரைக்கும் முழுப் பத்தாயிரத்துக்கும் வட்டி. மொத்தம் 2,400 ரூபாய். ஆளுக்கு 1,100 அதிகம். மூணு பேருக்கும் சேர்த்து 3,300 ரூபாய் என் வாயால போச்சு.

விஷயம் புரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் மறைச்சேன். அப்புறம் கூட்டத்திலேயே, "நான் சொன்னது தப்பு, எனக்கு இந்தக் கணக்கு வராது"ன்னு சொன்னேன். ஒரு அக்கா கோவமா எழுந்து போயிட்டாங்க. நியாயம்தான். பள்ளிக்கூடமே போகாத இன்னொரு அக்கா, 12 புளியங்கொட்டையைத் தரையில் வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்து, அசல் எப்படிக் குறையுது, கூடவே வட்டி எப்படிக் குறையணும்னு காட்டினாங்க. காலேஜில் கூட எனக்கு அவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கோயம்புத்தூர் முருகானந்தம் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க வீடுகள் மாதிரியே கைத்தறி நெசவு செஞ்ச குடும்பம். அப்பா இறந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1998-இல் குறைஞ்ச விலையில் நாப்கின் செய்ய ஆரம்பிச்சார். வெறும் பஞ்சை வெச்சுச் செஞ்சார், உறிஞ்சவே இல்லை. பெரிய கம்பெனிகள் உள்ளே எதை வைக்கிறாங்கன்னு தெரியலை. இங்கிலீஷ் வராதுன்னு ஒரு பேராசிரியர்கிட்ட உதவி கேட்டு, கம்பெனிகளுக்கு எழுத வெச்சார். அது மரக்கூழ்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவில் ஒரு கம்பெனி போனில் கேட்டப்போ, தன்னை மில் முதலாளின்னு சொல்லிட்டாராம். அது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதையும், மனைவி பிரிஞ்சு போனதையும், ஊர் ஒதுக்கினதையும் பின்னாடி மேடையில் அவரே சொன்னார், தனக்கு வந்த அரைகுறை இங்கிலீஷிலேயே. அவரோட மெஷினை நம்மள மாதிரி மகளிர் குழுக்கள்தான் நிறைய வாங்கினாங்க. 2016-இல் பத்மஸ்ரீ கிடைச்சுது.

நம்ம ஊருக்கு வருவோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போறதுக்குள்ள வேணும்னு முப்பது ஜாக்கெட் ஆர்டர் வருது. நம்மால் பதினைஞ்சுதான் முடியும். "ஆகட்டும்"னு வாங்கி வெச்சுகிட்டு, கடைசி நாள் போனை அணைச்சு வைக்கிறோம். "பதினைஞ்சு நான் தைக்கிறேன், மீதியைப் பக்கத்து வீட்டு அக்கா தைப்பாங்க"ன்னு முதல்லயே சொன்னா அவங்க திட்டவா போறாங்க? புடவை விக்கிறவங்க, "முதல் தண்ணியில சாயம் விடும், தனியா அலசுங்க"ன்னு சொல்லிக் கொடுத்தா, மத்த துணி கெட்டுப் போச்சுன்னு சண்டை வராது. இங்கே வீட்டில் தெலுங்கு பேசறவங்க பல பேர். தமிழ் எழுத்து வராதுன்னு சொல்லக் கூச்சப்பட்டு, தீர்மான நோட்டில் கேக்காமலே கையெழுத்துப் போடறாங்க. "படிச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. படிச்சுக் காட்டறது ஊக்குநரோட வேலை.

ஆனா எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கொட்டச் சொல்லலை. பாவு நூல் கொடுக்கிற முதலாளிகிட்ட போய், "பையனுக்கு ஃபீஸ் கட்டணும், கையில காசே இல்லை"ன்னு அழுதா, சில பேர் கூலியைத்தான் குறைப்பாங்க. அந்தக் கஷ்டத்தைக் குழுவில் சொல்லுங்க, உள்கடனுக்கு வழி இருக்கு. வாடிக்கையாளர்கிட்ட பொருளோட குறையைச் சொன்னா போதும், வீட்டுக் கதை வேண்டாம்.

கடன் விஷயத்தில் மட்டும் மறைக்கவே கூடாது. வேற எங்கேயும் கடன் இல்லைன்னு குழுவில் சொல்லிட்டு, மூணு இடத்தில் தவணை கட்டறவங்க இருக்காங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் முதல் இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி, நுண்கடன் வாங்கற குடும்பத்தோட எல்லாத் தவணையும் சேர்ந்து மாச வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாத்தையும் நமக்குப் புரியற மொழியில் எழுதித் தரவும் வேணும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க. புரியலைன்னா அங்கேயே புரியலைன்னு சொல்லுங்க, கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவங்கவங்க கடன் அட்டையையும், ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொண்டு வாங்க. ஒவ்வொருத்தர் கடனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனக்குத் தப்பினா அந்த அக்கா திருத்துவாங்க. வர்றேன்னு சொல்லியிருக்காங்க.