அண்ணன் ஒரு ரகம், தம்பி ஒரு ரகம்

தலைமை என்றாலே அதட்டல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருவண்ணாமலையில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ரகத் தலைமை இருந்தது.

1896-ல் பதினாறு வயதில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் ரமண மகரிஷி. பின்னாளில் அவரைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்த பிறகும், விடிவதற்கு முன்பே சமையல்கட்டில் காய்கறி நறுக்க உட்கார்ந்துவிடுவார். கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தன் இலைக்கு மட்டும் கூடுதலாக எதுவும் விழக்கூடாது. சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்தே பாடம் படித்தார்கள்.

அவருடைய தம்பி நிரஞ்சனானந்த சுவாமி, சின்னசாமி என்பார்கள், வேறு மாதிரி. பதவியின் பெயரே சர்வாதிகாரி! வரவு செலவு, கட்டட வேலை, சட்டதிட்டம் எல்லாம் அவர் கையில். கறாரான மனிதர். அவர்களுடைய தாயார் சமாதியின் மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949-ல் கும்பாபிஷேகம் நடந்ததில் அந்தக் கறாருக்கும் பங்கு உண்டு.

அண்ணன் நிர்வாகி ஆக முயலவில்லை; தம்பி குரு ஆக முயலவில்லை. அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

நாளைக்கு மேனேஜர் ஆகப்போகிறவர்கள் தங்கள் ரகத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி. ஒருநாள் லீவு போட்டுப் பாருங்கள். ஆபீசில் உற்சாகம் குறைந்தால் நீங்கள் அண்ணன் ரகம். கணக்கு வழக்கு குழம்பினால் தம்பி ரகம்.

இரண்டுமே நடக்கவில்லையா? ஒன்று, நீங்கள் ஆட்களை அருமையாகப் பழக்கியிருக்கிறீர்கள். இல்லையென்றால்... லீவை இன்னும் ரெண்டு நாள் நீட்டிக்கலாம், யாரும் தேட மாட்டார்கள்!