ஜெயிலும் ஆட்டிசமும்



ஆட்டிசம் என்பது பேயுமல்ல, பூர்வஜென்ம கர்மமுமல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேற்றுமையாகும். 1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் இதைக் குழந்தைகளிடம் கண்டு எழுதினார். குழந்தை பெரியவனாவதால் அது போய்விடுவதில்லை. மற்ற மனிதரைப்போலவே அவர்களிலும் சிலர் ஜெயிலுக்குப் போக நேரிடுகிறது.

அங்கே நடப்பதென்ன? வார்டர் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, "திமிர்" என்கிறார்கள். இரும்புக் கதவின் சத்தமும், சோதனை போடும் கையும் பொறுக்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், "கலகம்" என்கிறார்கள். பிறகு தனிக்கொட்டடி. மற்றக் கைதிகளோ அவன் சூதறியாததைக் கண்டு ஏய்க்கிறார்கள்.

குற்றத்துக்குத் தண்டனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிறந்த விதத்துக்கும் சேர்த்துத் தண்டிப்பதானால் அதற்கும் வருணதர்மத்துக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தமிழ்நாட்டு ஜெயில்களைப்பற்றிய வழக்கொன்றில் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார், ஊனமுள்ள கைதிகளை உள்ளே வரும்போதே கண்டறிந்து, விதிகளை அவர்களுக்குப் புரியும்படி தெரிவிக்கவேண்டுமென்று உத்தரவிட்டார்கள்.

ஆகவே நாம் கேட்பது தயவல்ல, உரிமை. நாளைய காரியத்தை இன்றே எழுதிக் கொடுக்கட்டும். தொடுமுன் சொல்லித் தொடட்டும். சத்தம் குறைந்த அறை தரட்டும். வார்டருக்கு இதைக் கற்பிக்கட்டும். உங்களில் யாருக்கேனும் இப்படி ஒரு மகனோ தம்பியோ உள்ளே இருந்தால், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளாதீர்கள்; இவ்வுத்தரவைக் காட்டி அதிகாரிகளுக்கு எழுதிக் கேளுங்கள்.