வளர்ந்தோரும் வாசிப்புப் பழக்கமும்

எழுத்தறிந்தவர் வேறு, வாசிப்பவர் வேறு. இலங்கையில் எழுத்தறிவு பெற்றோர் தொகை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது என்பது நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கணக்கு. ஆயின், பாடசாலையை விட்டு நீங்கிய பின்னர் ஒரு நூலை முதலேடு தொடங்கிக் கடையேடு வரை வாசித்தவர் யாவர் என்று ஒரு கந்தோரிலோ கடைத்தெருவிலோ கேட்டுப் பார்த்தால், ஆம் என்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்திரிகையின் தலைப்புகளையும் மரண அறிவித்தல்களையும் பார்த்து மடித்து வைப்போர் பலர். கைத்தொலைபேசியிலே துணுக்குத் துணுக்காக வருவனவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்போர் அவரினும் பலர். இவர்களுடைய கண்கள் நாள் முழுவதும் எழுத்துகளின் மேல் மேய்கின்றன. ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஒருவர் ஆற அமர எழுதியதை அரைமணி நேரம் தொடர்ந்து பின்பற்றிச் செல்லும் ஆற்றல் மெல்ல மெல்ல அவர்களை விட்டு நீங்கிவிடுகின்றது.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய கவலையன்று. காணி உறுதியொன்றில் ஒப்பமிடும் ஒருவர், அதனை முற்றாக வாசித்துத்தான் ஒப்பமிடுகின்றாரா? நொத்தாரிசு சொன்னதை நம்பி ஒப்பமிட்டுவிட்டுப் பத்தாண்டுகளின் பின் எல்லை வழக்கிலே அகப்பட்டுக்கொண்டோர் எந்த ஊரிலும் உளர். வங்கிக் கடன் பத்திரமும், காப்புறுதிப் பத்திரமும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட குறிப்பும் இப்படியே வாசிக்கப்படாமற் போகின்றன. அவர்களுக்கு எழுத்துத் தெரியாததனாலன்று. நீண்டதொன்றை வாசிக்கும் பொறுமை போய்விட்டதனால்.

காரணம் கேட்டால், நேரமில்லை என்பது விடை. அது பொய்யன்று. காலையிலே பேருந்து, பகலெல்லாம் வேலை, மாலையிலே பிள்ளைகளின் பாடம், கோயில், கலியாண வீடு, செத்த வீடு என்று வளர்ந்தவரின் நாள் பங்கிடப்பட்டுவிடுகின்றது. பெண்களின் நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை; அடுப்படியிலே தொடங்கி அடுப்படியிலே முடியும் நாள் அது. ஆயினும் நேரமின்மைக்கு அப்பால் இன்னொரு காரணம் உண்டு. பலர் வாசிப்பைப் பரீட்சையோடு சேர்த்தே அறிந்திருக்கின்றனர். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் வினாவுக்கு விடை தேடுவதற்காகவே நூல்களைப் புரட்டியவர், பரீட்சை முடிந்த அன்றே நூல்களையும் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகின்றார். கேள்வி கேட்பாரில்லாத வாசிப்பு என்று ஒன்று உண்டென்பதை அவருக்குக் கற்பித்தாரில்லை. இதிலே பாடசாலைகளின் பங்கும் சிறிதன்று.

நம் முன்னோரின் நிலை வேறு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே வளர்ந்தோர் வாசிப்புக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குப் புராணபடனம் என்று பெயர். கோயில் மண்டபத்திலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். கேட்டிருப்போர் தோட்டத்திலே தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர்களும், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்களும் ஆவர். கார்த்திகையிலே பிள்ளையார் கதை இருபத்தொரு நாள். மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணம். இவ்வாறு ஆண்டின் பஞ்சாங்கத்தோடு நூல்களும் பிணைக்கப்பட்டிருந்தன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டது இதனைக் கண்டுதான். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு ஏற்பாட்டை மட்டும் நோக்கினாலும் அதன் நுட்பம் புலப்படும். நாள் நிச்சயிக்கப்பட்டிருந்தது, இடம் நிச்சயிக்கப்பட்டிருந்தது, விளங்காதவிடத்து விளக்குவதற்கு ஒருவர் இருந்தார், வராமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அயலவர் இருந்தனர். கந்தபுராணம் பதினாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து செய்யுள் கொண்டது. தனியொருவர் அதனைக் கையிலெடுத்தால் மலைத்துப் போவார். நாளுக்கு முப்பது செய்யுளாக வாசிப்பாராயின் ஓராண்டுக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு எந்நூலுக்கும் பொருந்தும். திருக்குறளில் அதிகாரங்கள் 133. நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் நாலரை மாதம் போதும். சாதாரணமாக அச்சிட்ட உரைநடை நூலொன்றில் பத்துப் பக்கங்களை வாசிக்க இருபது நிமிடம் செல்லும். நாள்தோறும் பத்துப் பக்கம் வாசித்தால் ஆண்டொன்றுக்கு 3,650 பக்கங்கள். இருநூறு பக்க நூல்களாகக் கொண்டால் பதினெட்டு நூல்கள். ஆண்டுக்கு ஒரு நூலையேனும் முடிக்க இயலவில்லையே என்று வருந்துபவருக்கு இருபது நிமிடம் இல்லையென்று சொல்லுதல் கடினம்.

இருபது நிமிடத்தை எங்கே தேடுவது? காந்தியடிகளின் சுயசரிதையிலே இதற்கொரு விடை உண்டு. தென்னாபிரிக்காவிலே வழக்கறிஞராக ஓய்வின்றி இருந்த காலத்திலே அவர் கீதையை மனனஞ் செய்ய விரும்பினார். பல் துலக்கப் பதினைந்து நிமிடமும், நீராட இருபது நிமிடமும் அவருக்குச் செல்வது வழக்கம். பல் துலக்கும்போது எதிரே சுவரிலே சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டி வைத்துக்கொண்டார். நாளுக்குச் சில சுலோகங்கள். நீராடுவதற்குள் அவை மனத்திலே பதிந்துவிடும். இவ்வாறு பதின்மூன்று அத்தியாயங்களை அவர் மனனஞ் செய்தார். புதிதாக நேரத்தை உண்டாக்க அவர் முயலவில்லை. ஏற்கெனவே தவறாது நடந்து வந்த ஒரு செயலின் முதுகிலே இன்னொன்றை ஏற்றிவிட்டார்.

அதே காந்தியடிகள், கல்விக் காலத்திலே பாடநூல்களுக்குப் புறம்பாகத் தாம் மிகுதியாக வாசித்ததில்லை என்றும், தொழிலில் இறங்கிய பின் வாசிக்க நேரங் கிடைத்ததில்லை என்றும் எழுதியிருக்கின்றார். 1904 ஆம் ஆண்டிலே ஜொகானஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்குப் புகையிரதத்தில் புறப்பட்டபோது, நண்பர் போலக் ஒரு நூலைக் கையிலே கொடுத்தார். அது ஜோன் றஸ்கின் எழுதிய ‘அன்ரு திஸ் லாஸ்ற்’. இருபத்துநான்கு மணி நேரப் பிரயாணம். நூலைத் தொடங்கியவர் கீழே வைக்கவில்லை, அன்றிரவு உறங்கவுமில்லை. அவ்வாண்டே பீனிக்ஸ் குடியிருப்பு எழுந்தது. 1908 ஆம் ஆண்டிலே அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் ‘சர்வோதயம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். அப்பிரயாணத்தின்போது அவருக்கு வயது முப்பத்துநான்கோ முப்பத்தைந்தோ, பள்ளிப் பிள்ளையல்லர்.

தமிழ்நாட்டிலே நிகழ்ந்த வேறொன்று இதனினும் நெருக்கமானது. 1880 ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங் கேட்டவர்; அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று எண்ணற்ற பிரபந்தங்களைக் கற்றவர். அவ்வூருக்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன வாசித்திருக்கின்றீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சீவகசிந்தாமணி வாசித்ததுண்டா, மணிமேகலை வாசித்ததுண்டா, சிலப்பதிகாரம் வாசித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. இல்லையென்பதே ஐயரின் விடை. இந்த வரலாற்றை ஐயரே ‘என் சரித்திர’த்தில் எழுதி வைத்திருக்கின்றார்.

கற்றவன் என்று பெயரெடுத்த ஒருவனுக்கு அக்கேள்வி எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மான உணர்ச்சி மேலிட்டு அவர் அவ்வீட்டுப் பக்கமே போகாமல் விட்டிருக்கலாம். அவரோ சென்றார். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு இருவரும் தொடர்ந்து சந்தித்து வாசிக்கலாயினர். ஒருவர் நீதிமன்றத்து உத்தியோகத்தர். மற்றவர் கல்லூரி ஆசிரியர். இருவருக்கும் பகற்பொழுது தம்முடையதன்று. சமண சமயக் கொள்கைகள் விளங்காதபோது ஐயர் கும்பகோணத்திலே வாழ்ந்த சைனர்களைத் தேடிச் சென்று கேட்டார். ஏழாண்டுகளின் பின், 1887 ஆம் ஆண்டிலே, சீவகசிந்தாமணி அச்சேறியது. பின்னர் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. அதே 1887 இல் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார் என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவரும் அரசாங்க உத்தியோகத்திலே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவரே.

இத்தகையோரைச் சொன்னால், அவர்கள் மேதைகள் அன்றோ என்று ஒரு மறுப்பு எழும். மேதைமை எல்லார்க்கும் வாராது. ஆனால் முதலியாரைப் போல ஒரு துணை யார்க்கும் வாய்க்கும். கந்தோரிலே பக்கத்து மேசைக்காரரும், கோயில் வீதியிலே சந்திக்கும் ஓய்வூதியரும், வீட்டிலே மனைவியும் அத்துணையாகலாம். ஒரே நூலை இருவர் வாசித்து வாரத்திற் கொருமுறை அதுபற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டால், வாசிக்காமற் போய் முன்னே நிற்கக் கூச்சமாயிருக்கும். அக்கூச்சம் நல்லது.

பழக்கம் எத்தனை நாளிலே படியும் என்பதை ஆராய்ந்தோரும் உளர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் உடனாராய்ச்சியாளரும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2009 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. உணவு, நீர், தேகப்பயிற்சி ஆகியவற்றிலே புதிதாக ஒரு பழக்கத்தை அவர்கள் மேற்கொண்டனர். காலை உணவின் பின், இரவு உணவின் முன் என்று நாள்தோறும் வரும் ஒரு வேளையோடு அதனைப் பிணைத்துக்கொண்டனர். தானாக நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள் சென்றது. சிலருக்குப் பதினெட்டு நாள் போதும்; சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டனர். இடையிலே ஒரு நாள் தவறியதனால் பழக்கம் பாழாகவில்லை என்பதும் கண்டனர். வாசிப்பைப் பற்றி அவர்கள் ஆராயவில்லை என்பது உண்மை. ஆயினும் பழக்கத்தின் இயல்பு ஒன்றே. மூன்று நாள் வாசித்து நாலாம் நாள் தவறியதும், இது எனக்கு ஒத்துவராது என்று நூலை மூடிவிடுவோர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. பல்லாண்டு தரிசாய்க் கிடந்த வயல் முதல் உழவிலே பதப்பட்டு விடுவதில்லை. மூன்றாம் பக்கத்திலே மனம் வேறெங்கோ போய்விடுதல் எல்லார்க்கும் உள்ளதே. போன மனத்தை அழைத்து வந்து மீண்டும் அப்பக்கத்திலே இருத்துவதுதான் முதல் மாதத்து வேலை.

இனி, பலர் எண்ணிப் பாராத ஒரு தடை உண்டு. நாற்பது வயதையடுத்துக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்றுவதனால் அண்மையிலுள்ள சிறிய எழுத்துகள் மங்குகின்றன. நம் மக்கள் இதனை வெள்ளெழுத்து என்பர். பத்திரிகையைக் கைநீட்டித் தூரப் பிடிப்பதே இதன் அறிகுறி. பத்து நிமிடம் வாசித்ததும் கண் கனக்கும், நெற்றி வலிக்கும், உறக்கம் வரும். தமக்கு வாசிப்பில் நாட்டமில்லையென்று முடிவு செய்துகொண்ட எத்தனையோ பேருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு மூக்குக் கண்ணாடியே. வயது ஏற ஏறக் கண்ணுக்கு ஒளியும் மிகுதியாக வேண்டும். கூரையிலே தூரத்தில் எரியும் மின்குமிழை நம்பாமல், தோளுக்குப் பின்னிருந்து ஏட்டின்மேல் விழுமாறு ஒரு விளக்கை அமைத்துக்கொள்ள வேண்டும். இது செய்த பின்னும் உறக்கம் வந்தால் வேளையை மாற்றுதல் நலம். விடியற்காலையிலே தேநீரோடு வாசிக்கும் கால்மணி நேரம், இரவிலே படுக்கையில் வாசிக்கும் ஒரு மணிக்கு மேலானது.

எதனை வாசிப்பது என்று கேட்போருக்கு விடை சொல்லுதல் எளிதன்று. பெரியோர் போற்றிய நூலென்று பயந்து எடுத்து, இருபதாம் பக்கத்திலே நின்றுபோய், அந்த வெட்கத்திலே வேறெந்த நூலையும் தொடாமல் ஆண்டுகளைப் போக்குவது அறிவீனம். ஐம்பது பக்கம் வாசித்தும் பற்றாத நூலைக் குற்றவுணர்ச்சியின்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். தச்சுத் தொழில் செய்வோர் மரங்களைப் பற்றிய நூலிலும், கமக்காரர் மண்ணைப் பற்றிய நூலிலும், பிரயாணப் பிரியர் ஏ. கே. செட்டியாரின் பிரயாண நூல்களிலும் தொடங்கினாற் குறையொன்றுமில்லை. துப்பறியும் கதையிலே தொடங்கியவரும் நல்ல இலக்கியத்திலே வந்து சேர்ந்ததுண்டு. வராமல் அங்கேயே நின்றவரும் உண்டு. அவரும் வாசிக்காதவரை விட ஒரு படி மேலானவரே.

நூல் வாங்கப் பணமில்லையென்பது நியாயமான முறைப்பாடு. நூல்களின் விலை அவ்வாறிருக்கின்றது. ஆனால் பிரதேச சபைகளும் நகர சபைகளும் நடத்தும் நூலகங்களிலே, பத்திரிகை மேசையைச் சுற்றி இருக்குமளவு கூட்டம் நூல் இரவல் கொடுக்கும் மேசையிலே இருப்பதில்லை. யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொடக்கம் 1933 ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே நூல்களைச் சேர்த்து இரவல் கொடுத்தமையே. மறுவருடம் வாடகை அறையொன்றிலே ஆயிரத்துக்கும் குறைந்த நூல்களோடு அது பொதுவுக்குத் திறந்தது. 1959 ஆம் ஆண்டிலே பெருங்கட்டிடம் எழுந்தது. 1981 ஆம் ஆண்டிலே தீக்கிரையானபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. இன்று அக்கட்டிடம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பல்லாயிரக்கணக்கிலே இணையத்தில் ஏற்றி, யாவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்திருக்கின்றது. துணுக்குகளைத் தள்ளும் அதே கைத்தொலைபேசியிலே அவற்றையும் திறக்கலாம். அச்சுப் பிரதியை விரும்புவோர் கிட்டிய நூலகத்திலே அங்கத்துவப் படிவத்தை வாங்கி நிரப்பலாம். அப்படிவம் பெரும்பாலும் ஒரு பக்கமே. அதனை முற்றாக வாசித்துவிட்டே ஒப்பமிடலாம்.