கதைக்கு உரியவர் எதிரே உட்காரட்டும்

கதை சொல்ல வந்திருக்கும் எழுத்தாளத் தோழர்களே, வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, பெரியவர்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே!

மாதம் ஒரு மாலை, நம் தெருவிலேயே, நம் பக்கத்து எழுத்தாளர்கள் நின்று கதை சொல்வார்கள், ஊர் கூடிக் கேட்கும் என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறீர்கள். இரண்டு வார்த்தை வாழ்த்திவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. இது ஏன் வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

நம் தேனி மாவட்டத்து வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அந்தக் கதைகளுக்குள் வாழ்கிற மனிதர்களில் பெரும்பாலானவர்கள் அவற்றைப் படித்ததில்லை. படிக்க நேரமும் வாய்க்கவில்லை, புத்தகம் அவர்கள் கைக்கு வந்து சேரவும் இல்லை. அந்தக் கதைகளை அவர்கள் காதுக்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கேட்டுவிட்டு அவர்கள் “ஆமாய்யா, இப்படித்தான்” என்றோ, “இல்லய்யா, அப்படி நடக்கல” என்றோ சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கேட்காமல் எழுத்தாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தேனி ம. காமுத்துரை ‘குதிப்பி’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். விசேஷ வீடுகளில் சமைக்கப் போகிற தொழிலாளிகளின் வாழ்க்கை அது. நாம் எல்லாருமே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். சாம்பாரில் உப்புக் கூடிப்போச்சு என்று பேசியிருப்போம். பந்திக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? ராத்திரி பத்து மணிக்குக் காய் வெட்ட உட்காருகிறார்கள். கோட்டை அடுப்பில் விறகு புகைகிறது. இடுப்புயர அண்டாவில் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் துழாவுகிற அந்த அண்ணனின் முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறது. விடியக் காலையில் இட்லியை ஈடு ஈடாக இறக்கி வைத்துவிட்டு, பந்தி முடிந்த பிறகு கடைசி இலையில் அவர் சாப்பிடுகிறார், பாதி நாள் அதுவும் இறங்குவதில்லை. அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு நாவல் இருக்கிறது என்று அறிவாரா? இதே காமுத்துரை ‘மில்’ என்று பஞ்சாலைத் தொழிலாளிகளைப் பற்றியும் எழுதினார். நைட் ஷிப்ட் முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு சைக்கிள் மிதித்து வருகிறவருக்கு அது போய்ச் சேர்ந்ததா? இது எழுத்தாளரின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. புத்தகம் போகாத வீட்டுக்கும் குரல் போகும் என்றுதான் சொல்கிறேன்.

தேனி சீருடையானின் ‘நிறங்களின் உலகம்’ பார்வையிழந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து எழுதிய நாவல். ஆண்டிபட்டியில் இருந்துகொண்டு உமா மகேஸ்வரி, வீட்டுச் சுவர்களுக்குள் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதினார். பாஸ்கர் சக்தியின் ‘அழகர்சாமியின் குதிரை’ 2011-இல் சுசீந்திரன் இயக்கத்தில் படமாக வந்ததால் அந்தக் கதை பல பேருக்குத் தெரியும். வைகை அணைக்காக ஊர்களைக் காலி செய்த துயரம் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் இருக்கிறது, அதற்கு 2003-இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. அணை திறந்தது 1959-இல். வீட்டு நிலைக்கதவைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிய பிள்ளைகள் இன்றைக்கு எண்பதை நெருங்குகிறார்கள். அவர்கள் முன்னால் அந்தக் கதையைச் சொல்ல நமக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? நான் அவசரப்படுவது இதற்காகத்தான்.

கதை கேட்பது நம் ஊருக்குப் புதிது கிடையாது. இப்போதும் திருவிழாக் காலத்தில் ஸ்பெஷல் நாடகம் வைக்கிறோம். ‘வள்ளி திருமணம்’ ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரைக்கும். அந்த நடிகர்கள் கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஆனாலும் நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த கதைப் பாதை அவர்களுக்கும் தெரியும், சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியும். தெரிந்த கதையை இன்றைக்கு இவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று பார்க்கத்தான் ஜனம் விழித்திருக்கிறது. இப்படிப்பட்ட சபை நம்மிடம் இருக்கும்போது, “நம் ஆட்களுக்கு இலக்கியம் புரியாது” என்று ஒருவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பண்ணைப்புரம் பாவலர் வரதராசனை நினைத்துப் பாருங்கள். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு குறைந்த பெரும்பான்மையில் நிற்கிறது. ஒவ்வொரு தொகுதியும் உயிர். வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். நம் பள்ளத்தாக்கிலிருந்தும் மலையேறிப் பிழைக்கப் போனவர்கள் அதில் உண்டு. அங்கே பாவலர் போனார். கொள்கை விளக்க நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனார். தொழிலாளர் லயத்து வாசலில் நின்று, ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில், அவர்கள் கூலியையும் குளிரையும் பற்றிப் பாடினார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பிற்பாடு தம்பிமார் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் எல்லாரும் அந்த அண்ணன் பின்னால் ஊர் ஊராகப் போனார்கள். இளையராஜாவின் இசை உலகத்துக்கே தெரியும். அந்த இசை சபையைப் படித்தது இந்த மாதிரி முச்சந்திகளில். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் சுருங்கினால் அடுத்த வரியை மாற்றுகிற வித்தை அங்கேதான் கிடைக்கும். இன்றைய நம் எழுத்தாளர்களுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இன்னும் பின்னால் போவோம். சித்ரா பௌர்ணமி அன்றைக்குப் பளியன்குடி வழியாக மங்கலதேவிக் கண்ணகி கோயிலுக்கு ஏறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கண்ணகி விண்ணுக்குப் போன மலை அதுதான் என்பது நம் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. சிலப்பதிகாரம் எப்படிப் பிறந்தது? ஒரு முலை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றதையும், வானுலகம் போனதையும் கண்ணால் பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். அவர்கள் வந்து சொன்னார்கள். சேரன் செங்குட்டுவன் கேட்டான், சாத்தனார் கேட்டார், இளங்கோவடிகள் எழுதினார். நம் மொழியின் முதல் காப்பியத்துக்கு மூலம் ஏட்டுச்சுவடி இல்லை, மலைக்காட்டு ஜனங்களின் வாய்ச்சொல். அந்த நன்றி எழுதுகிற கைக்கு இருக்க வேண்டும். வடவீர பொன்னையா ‘வருசநாட்டு ஜமீன் கதை’ எழுதியபோதும் கண்டமனூர்ப் பக்கத்து ஜனங்கள் வாயில் கிடந்த கதைகள்தான் அவருக்கு முதல்.

வாய்ச்சொல்லைப் புகழ்கிற நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்லக் கதை வளரும். வளர்கிற கதை சிலரைத் தூக்கிவிடும், சிலரை மறைத்துவிடும். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஒவ்வொரு ஜனவரி 15-ஆம் தேதியும், பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். மேற்கே ஓடின பெரியாற்றைக் கிழக்கே திருப்பி, 1895-இல் தண்ணீர் விட்டதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அவர் இங்கிலாந்தில் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அதற்கு ஆவணச் சான்று இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கதை போனாலும் அவர் பெருமை குறையாது, அவர் செய்த வேலையே மலையளவு. என் வருத்தம் வேறு. அந்தக் காட்டில் மலைக்காய்ச்சலில் செத்தவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், சுண்ணாம்பும் செங்கல்பொடிச் சுர்க்கியும் அரைத்துச் சுமந்தவர்கள், இவர்கள் பெயரைச் சொல்லும் கதைகள் நம் வாயில் அதிகம் இல்லையே. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போன மறுநாள் காலையில் திரும்பவும் கல்லைத் தூக்கியவன் யார்? அவன் பேரப்பிள்ளைகள் கூடலூரிலோ கம்பத்திலோ இன்றைக்கு இருக்கலாம். இந்த மேடையில் அதைச் சொல்ல ஓர் எழுத்தாளர் வந்தால், கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து “எங்க பூட்டன் அந்த வேலைக்குப் போனாராம்” என்று தொடங்கக் கூடும். எந்த நூலகத்தில் தேடினாலும் கிடைக்காத பக்கம் அது.

இப்படிக் கூப்பிட்டால் ஜனம் வருமா என்று கேட்பீர்கள். திருவண்ணாமலையில் எழுத்தாளர் பவா செல்லதுரை ‘கதை கேட்க வாங்க’ என்று கூப்பிட்டார். ஜனங்கள் வந்தார்கள், நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அவர் கையில் தாள் இல்லை. பிறர் எழுதிய கதைகளை, எழுதியவர் பெயரைச் சொல்லி, தன் குரலில் சொன்னார். கேட்டவர்கள் மறுநாள் அந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் 1997-இல் நியூயார்க்கில் தன் வீட்டுக் கூடத்தில் நண்பர்களை உட்கார வைத்துக் கதை சொல்லும் மாலையைத் தொடங்கினார். சிறுவயதில் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டு முகப்பில், விளக்கைச் சுற்றி விட்டில்கள் பறக்க, பேசிக்கொண்டிருந்த இரவுகளின் நினைவில் அதற்கு ‘தி மாத்’ (விட்டில்) என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அது பல நாடுகளில் நடக்கிறது. தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நம் திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்த இடம் விட்டுவிட்டோம். அதனால்தான் தெருவில் நாற்காலி போட வேண்டியிருக்கிறது, போடுவோம்.

கதை சொல்ல வந்த தோழர்களே, உங்களிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறேன். கதையை வாசிக்காதீர்கள், சொல்லுங்கள். தாளில் ‘அவள் பதில் சொல்லவில்லை’ என்று எழுதியிருப்பீர்கள். இங்கே அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், ஜனங்கள் அவளுடைய பதிலைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள். வந்தாய்ங்க, போனாய்ங்க என்று பேசுகிற வாயால் மேடைக்கென்று ஒரு மொழியைப் பூசிக்கொள்ள வேண்டாம். நம் அப்பத்தாமார்கள் கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்வார்கள், நினைவிருக்கிறதா? உம் சத்தம் நின்றால் “தூங்கிட்டியா?” என்று உலுக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். கேட்கிறவர் கூடவே வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே கதையை நடத்தின கெட்டிக்காரிகள் அவர்கள். நீங்களும் உம் கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர்களே, நீங்களும் தாராளமாகக் கொட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஏலக்காய்ச் செடியில் பழம் எடுப்பதைக் கதையில் தவறாகச் சொன்னால், அதைத் திருத்த, தோட்டத்திலிருந்து வந்திருக்கும் இந்த அக்காமார்களைவிடத் தகுதியானவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு சொல். ஏழு மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள், ஜீப்புகள் இறங்கி வர வேண்டும். ஒன்பதுக்கு மேல் இழுக்காதீர்கள், அதே ஜனங்கள் விடியுமுன்னே மலையேற வேண்டும். பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வரவேற்புரை, நன்றியுரை எல்லாவற்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் என்னைப் போல ஒருவர் இப்படி நீளமாகப் பேசக் கூடாது. கிளை நூலகத்து வாசகர் வட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, சொல்லப்பட்ட கதைகளின் புத்தகங்களை ஒரு மேசையில் வையுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு நாற்காலியை எழுத்தாளர் அல்லாத ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவர் ஒரு பெண்ணாக இருந்தால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். செல்போனில் பதிவு செய்பவர்கள், சொல்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தெருவுக்குச் சொன்ன கதையை உலகத்துக்குச் சொல்ல அவருக்கு விருப்பம் இருக்க வேண்டும் அல்லவா.

அடுத்த மாதம் அந்த நாற்காலியில் உட்கார விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் டீக்கடை ஓரம் நிற்கும் பிள்ளைகளிடம் பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாதென்று யாரும் தயங்க வேண்டாம், நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இப்போது முதல் கதையைக் கேட்போம்.