கல்லும் கண்ணாடியும்: ஹாட்விக் மாளிகை

இங்கிலாந்தின் டார்பிசயரிலே ஒரு குன்றின்மேல் ஹாட்விக் மாளிகை நிற்கிறது. ஷ்ரூஸ்பெரிச் சீமாட்டி எலிசபெத், அறுபது வயதைக் கடந்தபின், 1590இல் இதனைக் கட்டத் தொடங்கினார், 1597இல் குடிபுகுந்தார். கல் அக்குன்றின் சரிவிலேயே வெட்டப்பட்டது. கண்ணாடியோ அந்நாளிற் செல்வர்க்கும் அருமையான பொருள். எனினும், முகப்பிலே சுவரினும் சாளரமே மிகுதி.

இத்தனை திறப்புகளை வைத்தும் கட்டடம் எங்ஙனம் நிலைத்தது? இதனை வகுத்தவர் றொபேட் சிமித்சன் என்பர். புகைபோக்கிகள் வெளிச்சுவரில் அமையாது, உட்புறத்துத் தடித்த சுவர்களில் அடங்கின. பாரம் தாங்குவதிலும் அச்சுவர்கள் பெரும் பங்கு கொள்ள, வெளிச்சுவர் ஒளிக்கு வழிவிட்டது.

மாடி ஏற ஏறச் சாளரங்களும் உயர்கின்றன. ஏவலர் புழங்கிய கீழ்த்தளத்திற் சிறியவை; சீமாட்டி வாழ்ந்த நடுத்தளத்திற் பெரியவை; அரச விருந்தினரை எண்ணி அமைத்த மேல்தளத்திலே மிகப் பெரியவை. முதலாம் எலிசபெத் அரசியாரோ அங்கு ஒருநாளும் வரவில்லை! சில சாளரங்களின் பின்னால் அறையே இல்லை, வெறுஞ் சுவர்தான். முகப்பின் ஒழுங்கைக் காக்கச் செய்த இத்தந்திரத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. குளிரை நினைக்கும்போதுதான் மனம் தயங்குகிறது. பனிக்காலத்திலே அத்துணைக் கண்ணாடிக்கு நடுவே கணப்பு என்ன செய்யும்? சுவரெங்கும் தடித்த சித்திரத் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டனர். கோபுர உச்சிகளிலோ, சீமாட்டியின் பெயர் முதலெழுத்துக்கள் கல்லிலே செதுக்கப்பட்டு, வெகு தொலைவிலும் தெரிய நிற்கின்றன.