கடனாளி எவர்?

பழைய காரைக் கொடுத்துப் புதிய கார் வாங்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. பழைய வண்டியின்மேல் வங்கிக் கடன் மீதியிருந்தால், அதனைத் தாமே அடைத்துவிடுவதாக விற்பனை நிலையத்தார் ஏற்றுக்கொள்வதும் உண்டு. என் அண்டைவீட்டு இளைஞர் ஒருவர் அச்சொல்லை நம்பி வண்டியை விட்டுவந்தார். நிலையத்தார் கடனை அடைக்கவில்லை. புதிய வண்டிக்கு ஒரு தவணை, கையில் இல்லாத வண்டிக்கு ஒரு தவணை என்று மாதந்தோறும் இரண்டு பிடித்தம்! வங்கியாரோ கைவிரித்தனர்.

வங்கியைச் சினந்து பயனில்லை. பத்திரத்தில் ஒப்பமிட்டவர் இவரே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் கொடுத்தவர் இசைந்தாலன்றிக் கடனாளி மாற இயலாது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆம் பிரிவில், கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான இசைவின்றிப் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயரை மாற்ற விடுவதில்லை. வண்டி எவர் கையில் ஓடினாலும், ஏட்டில் உரிமையாளர் அவ்விளைஞரே. அது எவர்மீதேனும் மோதிவிட்டால்? இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவரையே சாரும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மீதிக் கடனுக்குரிய காசோலையை வங்கியின் பெயருக்கே எழுதுமாறு அவர் கேட்டிருக்கலாம். கடன் தீர்ந்த சான்றும், ஈட்டுக் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் வந்தபின் சாவியைக் கொடுத்திருக்கலாம். இப்பொழுது வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவணையையும் அவர் தவறாமல் கட்டிவருகிறார்.